141 குழாயை 21 ஆக்குவது: ஊர்க் குடிநீர் வலையைச் சுருக்கிக் கணக்கிடும் முறை

ஒரு தாளில் மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் சின்னச் சதுரமாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி என்று மூன்று சதுரங்கள். நான்கு கோபுரங்களுக்கும் நேராக, சித்திரை வீதியிலிருந்து மாசி வீதி வரை நான்கு கோடுகளை இழுங்கள். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் ஒரு குடிநீர்க் குழாய் புதைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பிரதானக் குழாய் மாசி வீதியில் ஒரு சந்திப்பில் வந்து சேர்கிறது. நிஜத்தில் பூமிக்கடியில் இருப்பது இவ்வளவு ஒழுங்காக இருக்காது. பாடத்துக்கு இது போதும்.

குழாய்கள் சேரும் இடத்தைக் கணு என்று சொல்வோம், கரும்பில் இருப்பது மாதிரி. நம் படத்தில் கணு 12. சுற்று வீதிகளில் குழாய்த் துண்டு 12, குறுக்கே 8, தொட்டியிலிருந்து வருவது 1, ஆக 21 குழாய்.

இப்போது இந்த வீதிகளிலிருந்து 60 முட்டுச்சந்துகள் பிரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்து பிரியும் இடத்தில் ஒரு 'டீ' (மூன்று குழாய் சேரும் இணைப்பு) போட்டாக வேண்டும். அது புதுக் கணு, வீதிக் குழாயும் அங்கே இரண்டு துண்டாகிறது. சந்துக்குள் போகும் குழாய் ஒன்று, அதன் முனை ஒன்று. ஒரு சந்துக்கு இரண்டு கணு, இரண்டு குழாய் கூடுகின்றன. 132 கணு, 141 குழாய் என்று படம் பெருத்துவிட்டது; குழாய் மட்டுமே கிட்டத்தட்ட ஏழு மடங்கு.

ஆனால் கணக்கின் கடினம் கொஞ்சமும் கூடவில்லை. அது எப்படி என்று புரிந்துவிட்டால், வலையைச் சுருக்குவதன் பாதி ரகசியம் கைக்கு வந்துவிடும்.

கடினம் வளையத்தில் இருக்கிறது

கிளை கிளையாகப் பிரிந்து போகும் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. கடைசி வீட்டிலிருந்து பின்னோக்கிக் கூட்டிக்கொண்டு வந்தால் முடிந்தது. வளையம் வந்தால்தான் சிக்கல். மாசி வீதியின் தென்கிழக்கு மூலைக்குத் தண்ணீர் கிழக்கு வழியாகவும் வரலாம், தெற்கு வழியாகவும் வரலாம். எந்த வழியில் எவ்வளவு என்பதை உராய்வு முடிவு செய்கிறது. உராய்வு எவ்வளவு என்பதை ஓட்டம் முடிவு செய்கிறது. ஒன்று தெரியாமல் மற்றது தெரியாது.

ஒரே தொட்டி உள்ள வலையில் இப்படிப்பட்ட சுயேச்சையான வளையங்கள் எத்தனை என்பதற்கு ஒரு எளிய கழித்தல் உண்டு: குழாய் எண்ணிக்கையிலிருந்து கணு எண்ணிக்கையைக் கழியுங்கள் (தொட்டியைக் கணுவாக எண்ணக் கூடாது). 21 − 12 = 9. சந்துகளோடு சேர்த்தால் 141 − 132, அதுவும் 9. ஒரு வலையை எடுத்ததும் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். வளையம் எத்தனை என்று தெரியாமல் குழாயை எண்ணிப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

உராய்வு இழப்புக்கு நம் ஊரில் பெரும்பாலும் பயன்படுவது ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரம்:

இழப்பு = 10.67 × நீளம் × (ஓட்டம் ÷ சி)^1.852 ÷ விட்டம்^4.87

நீளம், விட்டம், இழப்பு எல்லாம் மீட்டரில். இழப்பு என்பது உராய்வில் குறையும் அழுத்தம்; அழுத்தத்தைத் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று மீட்டரில் சொல்வது வழக்கம். ஓட்டம் நொடிக்குக் கன மீட்டரில். 'சி' என்பது குழாயின் வழவழப்பு: புது பிவிசிக்கு 140 முதல் 150 வரை, பழைய வார்ப்பிரும்புக்கு 100, உள்ளே துருக் கட்டி தட்டியிருந்தால் அதற்கும் கீழே. 100 என்று நினைத்த குழாய் உண்மையில் 70 ஆக இருந்தால் இழப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். விட்டத்தின் செல்வாக்கு இன்னும் பெரியது. 100 மி.மீ. குழாயை 150 மி.மீ. ஆக்கினால் அதே ஓட்டத்துக்கு இழப்பு ஏழில் ஒரு பங்காகக் குறையும். சரியாகச் சொன்னால் 7.2-ல் ஒரு பங்கு. இந்த 7.2 கீழே திரும்பத் திரும்ப வரும்.

முதல் வெட்டு: முட்டுச்சந்து

ஒரு சந்தில் 40 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்றால் மொத்தம் 27,000 லிட்டர். 24 மணி நேரமும் தண்ணீர் வருகிறதென்றால் சராசரி ஓட்டம் நொடிக்கு 0.31 லிட்டர், உச்ச நேரத்துக்கு மூன்றால் பெருக்கினால் 0.94 லிட்டர். சந்து பிரியும் 'டீ'யில் "இங்கே 0.94 லிட்டர் தேவை" என்று எழுதிவிட்டுச் சந்தையே அழித்துவிடலாம். மற்ற குழாய்களின் கணக்கில் இதனால் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகு வராது. சந்துக்குள் போகும் ஓட்டம் முன்பே தெரிந்த ஒன்று என்பதால், வலை அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

அழித்த சந்தை மறந்துவிடக் கூடாது. தண்ணீர் வரவில்லை என்று முதலில் குரல் எழுவது கடைமடையிலிருந்துதான். பெரிய கணக்கு முடிந்ததும் 'டீ'யில் உள்ள அழுத்தத்திலிருந்து சந்தின் இழப்பைக் கழித்தால் கடைசி வீட்டின் அழுத்தம் கிடைத்துவிடும். சந்தின் தரை மேடாக ஏறினால் அந்த ஏற்றத்தையும் கழிக்க வேண்டும். ஒரு மீட்டர் மேடு ஒரு மீட்டர் அழுத்தத்தைத் தின்றுவிடும்.

இந்த இழப்பை எப்படிப் போடுவது என்பதில் ஆரம்பத்தில் எல்லோரும் வழுக்குவார்கள். சந்துக் குழாய் 80 மி.மீ., 180 மீட்டர், 'சி' 100 என்று வைப்போம். 0.94 லிட்டரும் கடைசிவரை ஓடுவதாகப் போட்டால் இழப்பு 21 செ.மீ. உண்மையில் வழியெங்கும் வீடுகள் எடுத்துக்கொண்டே போவதால் ஓட்டம் குறைந்துகொண்டே வரும். சரியான விடை அதில் 0.35 பங்கு, அதாவது 7 செ.மீ. தேவையில் பாதியை 'டீ'யிலும் பாதியை முனையிலும் வைப்பது பலருடைய வழக்கம். அது 0.28 பங்குதான் காட்டும், உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

சென்டிமீட்டர் கணக்கில் இது விளையாட்டாகத் தெரியும். ஆனால் நம் பக்கம் தண்ணீர் 24 மணி நேரமா வருகிறது? அதே 27,000 லிட்டரும் இரண்டே மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டுமென்றால் ஓட்டம் நொடிக்கு 3.75 லிட்டர். நான்கு மடங்கு ஓட்டம், 13 மடங்கு இழப்பு: 7 செ.மீ. 94 செ.மீ. ஆகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் இரண்டு நாள் தண்ணீரையும் அதே இரண்டு மணி நேரத்தில் பிடிப்பார்கள். இழப்பு சுமார் 3.4 மீட்டர். ஒரு மாடிகூட இல்லாத வீட்டுக்குக் குறைந்தது 7 மீட்டர் அழுத்தம், ஒரு மாடி வீட்டுக்கு 12, இரண்டு மாடிக்கு 17 என்று மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு சொன்னது. அந்த 7 மீட்டரில் பாதியை ஒரு சந்தே விழுங்கிவிடுகிறது. உச்ச காரணியை (மேலே மூன்றால் பெருக்கினோமே, அதை) புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து, விநியோக நேரத்தை விட்டுவிட்ட கணக்கு மாதிரியை நம்பக் கூடாது.

இரண்டாவது வெட்டு: வரிசைக் குழாய்கள்

சந்துகளை அழித்தபின் நம் படத்தில் மிஞ்சுவது 72 கணு, 81 குழாய். அந்த 'டீ'க்கள் எல்லாம் இப்போது இரண்டே குழாய் சேரும் கணுக்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். 200 மீட்டர் 150 மி.மீ. குழாயும், தொடர்ந்து 300 மீட்டர் 100 மி.மீ. குழாயும் இருக்கிறதா? 200-ஐ 7.2-ஆல் வகுத்தால் 28. ஆக அந்த 150 மி.மீ. துண்டு, உராய்வில் 28 மீட்டர் 100 மி.மீ. குழாய்க்குச் சமம். இரண்டுக்கும் பதிலாக 328 மீட்டர் 100 மி.மீ. என்று போட்டுவிடலாம்.

இடைக் கணுவில் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் இதுவும் பிசகில்லாத வெட்டு. ஆனால் அங்கேதான் அழித்த சந்தின் 0.94 லிட்டரை எழுதி வைத்திருக்கிறோம். அதை இரண்டு முனைகளுக்கும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும், பிரித்த கணத்தில் கணக்கு தோராயமாகிவிடுகிறது. நீளத்தை வைத்துப் பிரிப்பது தவறு. தடையை வைத்துப் பிரிக்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் ஒரு பக்கம் 28, மறுபக்கம் 300. தடை குறைந்த 150 மி.மீ. பக்கத்து முனைக்குத் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போகும். நீளத்தைப் பார்த்துப் பிரித்திருந்தால் பத்தில் ஆறு என்று வைத்திருப்போம்.

அழிக்கக் கூடாத இடைக் கணு ஒன்று உண்டு. வளையத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து மோதும் புள்ளி ஒன்று இருக்கும். தரை சமமாக இருந்தால் அந்த வளையத்திலேயே அழுத்தம் மிகக் குறைந்த இடம் அதுதான். அதை இழுத்துப் பக்கத்துக் கணுவோடு சேர்த்துவிட்டால், பிரச்சினையே இல்லாத ஊர் ஒன்று கணினியில் தெரியும். ஆகவே முதலில் முழு வலையையும் ஒருமுறை ஓட்டி அந்தப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு வெட்டுங்கள்.

நம் படத்தில் அப்படிப்பட்ட புள்ளி எந்த 'டீ'யிலும் இல்லை என்று வைத்து 60 'டீ'யையும் கரைத்தால் 12 கணு, 21 குழாய். ஆரம்பத்தில் வரைந்த படத்துக்கே வந்துவிட்டோம். வளையம் அதே 9.

மூன்றாவது: இணைக் குழாய்கள்

பழைய குழாய் போதவில்லையென்று பக்கத்திலேயே புதுக் குழாய் பதித்த தெருக்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. இரண்டும் இரு முனையிலும் சேர்ந்திருந்தால் அதுவும் ஒரு வளையம்தான், ஆனால் எளிதில் கரையக்கூடியது. 300 மீட்டரில் 100 மி.மீ. ஒன்று, 150 மி.மீ. ஒன்று, 'சி' இரண்டுக்கும் சமம். ஒரே இழப்புக்கு 150 மி.மீ. குழாய் 2.9 மடங்கு தண்ணீர் கொண்டுபோகும். இரண்டும் சேர்ந்தால் 3.9 மடங்கு, அது 168 மி.மீ. விட்டமுள்ள ஒரே குழாய்க்குச் சமம். கடையில் 168 மி.மீ. கிடைக்காதே என்று யோசிக்க வேண்டாம். அது கணக்குக் குழாய்.

இதையே வளையமாக வைத்துச் சரிபார்க்கலாம். 1936-ல் ஹார்டி கிராஸ் கொடுத்த முறை இது. அவர் கட்டடச் சட்டகங்களைக் கணக்கிடும் முறைக்காக அறியப்பட்ட அமெரிக்கப் பேராசிரியர். குழாய்க்கும் அதே மாதிரி ஒரு வழி சொன்னார். நொடிக்கு 20 லிட்டர் வருகிறது, ஆளுக்குப் பாதி என்று 10, 10 ஊகித்துத் தொடங்குவோம். 150 மி.மீ. குழாயின் தடை 1 என்றால் 100 மி.மீ.க்கு 7.2. ஓட்டத்தை 1.852 அடுக்குக்கு ஏற்றித் தடையால் பெருக்கினால் இழப்புகள் 71, 512. இவற்றின் வித்தியாசம் 441. ஒவ்வொரு இழப்பையும் அதன் ஓட்டத்தால் வகுத்துக் கூட்டினால் 58.3, அதை 1.852-ஆல் பெருக்க 108. 441-ஐ 108-ஆல் வகுத்தால் 4.1. அவ்வளவு தண்ணீரைச் சிறியதிலிருந்து பெரியதுக்கு மாற்றுங்கள்: 14.1, 5.9. இன்னொரு சுற்று போட்டால் 14.85, 5.15. உண்மை விடை 14.88, 5.12. இரண்டே சுற்றில் பக்கத்தில் வந்துவிட்டோம். ஒரு தடவையாவது இதைக் கையால் போட்டுப் பார்த்தால், மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று பிடிபடும்.

கணினி இருக்கும்போது ஏன் சுருக்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-ல் வெளியிட்ட எபாநெட் என்ற குழாய் வலைக் கணக்கு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான குழாய்களைச் சாதாரண மடிக்கணினியிலேயே நொடிகளில் முடித்துவிடும். ஒரு தடவை ஓட்டுவதற்காக மட்டும் என்றால் சுருக்கவே வேண்டாம், முழுதாகப் போடுங்கள். ஆனால் எந்தத் தெருவில் எந்த விட்டம் போட்டால் செலவு குறையும் என்று தேடும்போது அதே வலையைப் பல்லாயிரம் தடவை ஓட்ட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான காரணம் தகவல். 141 குழாய்க்கும் 'சி' எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நான்கு இடத்தில் அழுத்தம் அளந்துவிட்டு 141 தெரியாத எண்களைச் சரிசெய்ய முடியாது. 21 குழாயை வயது, வகை பார்த்து மூன்று நான்கு குழுவாக்கினால் முடியும்.

ஊர் அளவில் வெட்டுவதற்கு இயற்கையான இடங்களும் உண்டு. மேல்நிலைத் தொட்டி அதில் முதலாவது. அணையிலிருந்தும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தும் தொட்டிக்கு வரும் பெரிய குழாய்களை ஒரு கணக்காகவும், தொட்டியிலிருந்து தெருவுக்குப் போவதைத் தனிக் கணக்காகவும் வைக்கலாம், தொட்டியின் நீர்மட்டம் தெரிந்தால் போதும். இரண்டாவது, ஆறு. வைகையின் வடகரைக்கும் தென்கரைக்கும் தனித்தனித் தொட்டிகள் இருந்தால், ஆற்றைக் கடக்கும் சில குழாய்களின் ஓட்டத்தை அளந்து கணுத் தேவையாக எழுதிவிட்டு இரு கரையையும் பிரித்துக் கணக்கிடலாம். மூன்றாவது, எல்லை வால்வு. இரண்டு தொட்டிகளின் பகுதிகளை இணைக்கும் ஒரு 100 மி.மீ. குழாய் சின்னதுதானே என்று அழித்துவிடுவது பெரிய தவறு. ஒரு தொட்டி வற்றும்போது அதில் தண்ணீர் திசை மாறி ஓடும். வால்வு நிஜமாகவே மூடியிருந்தால் மட்டும் அழியுங்கள்.

விட்டத்தை வைத்து ஒரு கோடு போட்டு, "150-க்குக் கீழே எல்லாம் அழி" என்று வெட்டுவது சோம்பேறித்தனம். வளையத்தை மூடும் சின்னக் குழாய் அதில் போய்விடும்; முட்டுச்சந்துக்குப் போகும் 200 மி.மீ. குழாய் தேவையில்லாமல் நிற்கும். பம்பு, அழுத்தம் குறைக்கும் வால்வு, பின்னோட்டம் தடுக்கும் வால்வு, பாதி திறந்த ஸ்லூஸ் வால்வு (குழாயை மூடித் திறக்கும் வால்வு) இவை இருக்கும் குழாயை எதனோடும் சேர்க்காதீர்கள். தரை மட்டம் வேறுபடும் கணுக்களையும் ஒன்றாக்காதீர்கள்.

இலவச வெட்டு இலவசமாக இல்லாத இடங்கள்

முட்டுச்சந்தை அழிப்பதில் பிசகே இல்லை என்று சொன்னது, சந்துக்குப் போகும் ஓட்டம் முன்பே தெரியும் என்ற நிபந்தனையில். விட்டுவிட்டு வரும் விநியோகத்தில் அது உடைகிறது. தண்ணீர் வந்ததும் எல்லா வீட்டுக் குழாயும் முழுதாகத் திறந்திருக்கும், தரைத்தொட்டி நிரம்பும்வரை ஓடும். யாருக்கு எவ்வளவு என்பதை அழுத்தம்தான் முடிவு செய்கிறது. சிலர் மோட்டார் வைத்து உறிஞ்சினால் அதுவும் மாறும். இப்படிப்பட்ட இடத்தில் சந்துக்குப் பதிலாக நிலையான தேவையை எழுதாமல், அழுத்தம் கூடினால் கூடுதலாக வெளியேறும் ஒரு திறப்பாகக் கணுவில் வைக்க வேண்டும். 2020-ல் வந்த எபாநெட் 2.2 பதிப்பில் அழுத்தத்தைப் பொறுத்த தேவையை நேரடியாகவே கொடுக்கலாம். பழைய முறையிலேயே போட்டால் கடைமடையில் அழுத்தம் மைனஸ் என்று வரும். அதற்கு அர்த்தம், நீங்கள் எழுதிய தண்ணீர் அங்கே போய்ச் சேராது என்பதுதான்.

குளோரின் கணக்கு இன்னொரு பொறி. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். அது எவ்வளவு மிஞ்சும் என்பது தண்ணீர் குழாய்க்குள் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைப் பொறுத்தது. 200 மீட்டர் 150 மி.மீ. குழாயை 28 மீட்டர் 100 மி.மீ. ஆக மாற்றினோமே, உராய்வில் இரண்டும் சமம். கொள்ளளவில் 3,530 லிட்டர் எங்கே, 220 லிட்டர் எங்கே! தண்ணீர் 16 மடங்கு வேகமாகக் கடந்துவிட்டதாக மாதிரி நினைக்கும், குளோரின் தாராளமாக இருப்பதாகக் காட்டும். அழித்த 80 மி.மீ. சந்துக்குள் 900 லிட்டர் நின்று பழசாவதும் அதற்குத் தெரியாது. அழுத்தத்துக்காகச் சுருக்கிய வலையைக் குளோரினுக்குப் பயன்படுத்தாதீர்கள், முழு வலைக்கே போங்கள்.

சுருக்கிய மாதிரியை முழு மாதிரியோடு ஒப்பிடும்போது, வைத்துக்கொண்ட கணுக்களில் அழுத்த வித்தியாசம் அரை மீட்டருக்குள் இருந்தால் திட்ட வேலைக்குத் தாராளம். குறைந்த ஓட்டம், உச்ச ஓட்டம், ஒரு பிரதானக் குழாய் மூடிய நிலை என்று மூன்றிலும் ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் பொருந்துவது எதேச்சையாக இருக்கலாம். பிறகு தெருவுக்குப் போய் வீட்டுக் குழாயில் அழுத்தமானி மாட்ட வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 10 கிலோ (சதுர செ.மீ.க்கு) மானியில் ஒரு சின்னக் கோடு 0.2 கிலோ, அதாவது 2 மீட்டர். 7 மீட்டரை அளக்க அது உதவாது. 2.5 கிலோ வரை காட்டும் மானி வாங்குங்கள். மானி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பகுதி முழுக்க மூன்று நான்கு மீட்டர் குறைவாகக் காட்டினால், உடனே 'சி'யைக் குறைத்துப் பொருத்தப் போகாதீர்கள். 'சி' 40 என்று வைத்தால்தான் பொருந்துகிறது என்ற நிலை வந்தால், எங்கோ ஒரு வால்வு மூடியோ பாதி திறந்தோ கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வார்டில் வால்வு திறக்கும் ஊழியரைக் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத வால்வு எந்தச் சாலையின் தாருக்கு அடியில் புதைந்திருக்கிறது என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.